இடையில் பத்துப் படிகள்: இராமானுஜனும் ஒரு துறைமுகக் கணக்காளரும்

1912 மார்ச் 1ஆம் திகதி சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் புதிய எழுதுவினைஞர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் தரம், மாதச் சம்பளம் 30 ரூபா. வயது 24. இரண்டு கல்லூரிகளுக்குப் போயும் எஃப்.ஏ. பரீட்சையைத் தாண்டாதவர். திருமணம் முடித்து இரண்டரை வருடத்துக்கு மேலாகியும் அதற்கு முன் நிலையான வருமானம் இல்லாதவர். பெயர் சீனிவாச இராமானுஜன்.

துறைமுகத்தை நம்பி வாழ்ந்த திருகோணமலைக்காரருக்கு இப்படியான உத்தியோகம் தெரியாததல்ல. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை, டொக்யாட்டில் பேரேடு எழுதிக் குடும்பம் நடத்திய அப்பப்பாமாரை இன்றும் நினைவு வைத்திருக்கும் வீடுகள் இங்கு உண்டு. இராமானுஜனின் வேலையும் அதுபோன்றதுதான். ஆனால் அந்தத் துறைமுகத்தில் அவருக்குக் கிடைத்தது 30 ரூபா மட்டுமல்ல. எழுதிக் காட்டிய கணக்கைப் பார்த்து, இது எப்படி வந்தது என்று சலிக்காமல் கேட்கும் ஒரு மனிதரும் அங்கே கிடைத்தார்.

இராமானுஜனைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதையில் அந்த மனிதர் வருவதில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னார், டாக்சி இலக்கம் 1729 என்றதும் அதன் பெருமையைச் சட்டென்று சொன்னார், 32 வயதில் இறந்துபோனார். இந்த மூன்றோடு கதை முடிந்துவிடும். கேட்கும் பிள்ளை எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: கணிதம் வானத்திலிருந்து விழுவது, விழுந்தவர்களுக்கு விழும், எனக்கு விழவில்லை. இதைவிடத் தீங்கான பாடத்தை ஒரு மேதையின் வாழ்க்கையிலிருந்து எடுக்க முடியாது என்று நினைக்கிறேன். அவருடைய வாழ்க்கையை ஆறுதலாகப் பார்த்தால் தெரிவது வேறு.

1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பன் சீனிவாச ஐயங்கார் புடவைக் கடையில் கணக்குப்பிள்ளை. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பசனை பாடுபவர். வருமானம் போதாமல் கல்லூரி மாணவர்களுக்கு வீட்டில் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். அந்த மாணவர்களிடம் இருந்த கணிதத்தையெல்லாம் சிறுவன் கேட்டுக் கேட்டே தீர்த்துவிட்டான். கீழ்வகுப்பில் ஒருநாள் ஆசிரியர், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும், மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கொன்று என்று விளக்கிக்கொண்டிருந்தார். சிறுவன் எழும்பி, பழமே இல்லாமல் ஆளே இல்லாமல் பிரித்தாலும் ஆளுக்கு ஒன்று வருமா என்று கேட்டான். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது பற்றிய அந்தக் கேள்வி அவர் வாழ்க்கைக் கதைகளிலெல்லாம் இடம்பெறுகிறது. அந்த வயதில் அவர் வகுப்பில் வாய் திறந்து பேசிய பிள்ளை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு வயதளவில் அவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார்படுத்துவதற்காகத் தொகுத்தது. ஏறக்குறைய 5,000 முடிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். நிறுவல் பெரும்பாலும் இராது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்போடு நிற்கும். இன்றைய பாசையில் சொன்னால் ஒரு ரியூசன் மாஸ்டரின் சுருக்கக் குறிப்பு. இராமானுஜன் அந்த முடிவுகளைத் தானே நிறுவிப் பார்த்தார், தாண்டிப் புதியவற்றைக் கண்டுபிடித்தார், கண்டதை அதே பாணியில் எழுதி வைத்தார். முடிவு மட்டும் இருக்கும், வழி இராது. கடதாசி வாங்கக் காசில்லாததால் கணக்கை எல்லாம் சிலேட்டில் போடுவார். விடை வந்ததும் அதை மட்டும் கொப்பியில் இறக்கிவிட்டுச் சிலேட்டை முழங்கையால் அழித்துவிடுவார். துணி எடுத்துத் துடைக்க நேரம் போதாது. முழங்கை கறுத்துத் தடித்துப் போயிருந்தது.

அந்த முழங்கையில் அழிந்து போனவைதான் படிகள்.

1904இல் பாடசாலையில் கணிதத்துக்கான பரிசைப் பெற்று வெளியேறியவர், அடுத்த வருடமே கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஆங்கிலத்தில் சறுக்கிப் புலமைப்பரிசிலை இழந்தார். வீட்டை விட்டு விசாகப்பட்டினம் பக்கம் ஓடினார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணித ஆசிரியர் பலகை நிறையப் படிபடியாக எழுதிக்கொண்டு போவார். இராமானுஜன் எழும்பி, இதை இத்தனை படியில் செய்ய வேண்டுமா என்று கேட்டு மூன்று நான்கு வரியில் முடித்துவிடுவார். வகுப்பு திகைத்துப்போய் இருக்கும். அவர் என்ன செய்தார் என்பது ஒருவருக்கும் விளங்காது. கும்பகோணத்தில் கேள்வி கேட்டுப் பேசிய சிறுவன், இப்போது மற்றவர் பின்தொடர முடியாத இடத்தில் தனியே நின்றான். சிங்காரவேலு முதலியார் என்ற பேராசிரியர் மட்டும் அவரைப் பக்கத்தில் இருத்தி, சஞ்சிகைகளில் வரும் கணக்குகளைச் சேர்ந்து போட்டார். பரீட்சையில் இரண்டு தடவையும் கணிதம் தவிர்ந்த பாடங்கள் அவரைக் கவிழ்த்தன.

பிறகு வந்த வருடங்களை வேகமாகக் கடக்கலாம். 1909 ஜூலையில் ஜானகியுடன் திருமணம். அந்தக் கால வழக்கப்படி அவர் சிறுமி. நோய், அறுவைச் சிகிச்சை, வேலை தேடி அலைச்சல். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தொடங்கிய ராமசாமி ஐயர் அவருடைய கொப்பியைப் பார்த்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்துத் தாங்கினார்.

1911இல் அந்தச் சங்கத்தின் சஞ்சிகையில் இராமானுஜன் ஒரு கேள்வியை வெளியிட்டார். ஒன்றோடு இரண்டு மடங்கு வர்க்கமூலத்தைக் கூட்டி, அந்த வர்க்கமூலத்தின் உள்ளே ஒன்றோடு மூன்று மடங்கு வர்க்கமூலத்தைக் கூட்டி, அதனுள்ளே நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று முடிவில்லாமல் போனால், முழுவதின் வர்க்கமூலம் என்ன? ஆறு மாதமாகியும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. விடை 3 என்று அவரே வெளியிட்டார்.

மூன்று என்று மட்டும் சொன்னால் மந்திரம்போல் இருக்கும். படியைச் சொன்னால் தரம் 10 பிள்ளைக்கும் விளங்கும். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 8, அதாவது 1 + 2 × 4. அந்த 4, 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5, 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உள்ளே உள்ளே போகலாம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழும்பி, முடிவில்லாமல் போகிற இதை எந்த உரிமையில் 3க்குச் சமன் என்கிறீர்கள் என்று கேட்டால் அது சரியான கேள்வி. இராமானுஜன் கொடுத்த விடையிலும் அந்தப் படி இல்லை. பிறகு வந்தவர்கள்தான் அதைச் சேர்த்தார்கள்.

அதே வருடம் பேணூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அதே சஞ்சிகையில் வந்தது. அதற்குள் ஆசிரியர் நாராயண ஐயங்காருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முறைகள் அவ்வளவு இறுக்கம், எழுத்து அவ்வளவு தெளிவில்லை. சாதாரண வாசகருக்குப் பின்தொடர முடியாது என்று கையெழுத்துப் பிரதி பலமுறை பெங்களூருக்கும் சென்னைக்கும் போய் வந்தது.

துறைமுக வேலை கிடைத்தது இந்த நிலையில்தான். துறைமுகத்தின் தலைமைக் கணக்காளர் எஸ். நாராயண ஐயர், கணிதச் சங்கத்தின் பொருளாளருமாவார். இராமானுஜனைப்போல மேதை அல்ல, ஆனால் கணிதம் தெரிந்தவர். மாலையில் திருவல்லிக்கேணியில் அவருடைய வீட்டு மேல்மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். சிலேட்டில் குச்சி கீறும் சத்தம் நடுச்சாமத்தை நெருங்கும்வரை கேட்கும். இராமானுஜன் ஒரு வரி எழுதுவார், அடுத்த வரி எங்கேயோ போய் நிற்கும். நாராயண ஐயர் நிறுத்துவார். எனக்கே விளங்காவிட்டால் வெளியில் உள்ளவர்களுக்கு எப்படி விளங்கும், என் மட்டத்துக்கு இறங்கி வந்து உன்னுடைய இரண்டு படிகளுக்கு இடையில் குறைந்தது பத்துப் படியாவது எழுது என்ற கருத்தில் வற்புறுத்துவார். இராமானுஜனுக்கு அது அலுப்புத்தான். அவருக்கு வெளிச்சமாகத் தெரிவதை ஏன் விரித்து எழுத வேண்டும்? ஆனால் எதிரே இருப்பவர் தன்மேல் மரியாதை உள்ளவர், உண்மையிலேயே விளங்க விரும்புகிறவர். ஆகவே எழுதினார்.

கணித எழுத்து மெருகேறுவது பற்றி இன்று கல்வியாளர்கள் நீளமாகப் பேசுகிறார்கள். முதலில் பேச விடுங்கள், பிறகு எழுதச் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். ஒரு பிள்ளை தான் செய்ததை வாயால் சொல்லும்போது, கேட்கும் பிள்ளையின் முகம் சுருங்கும் இடத்தில்தான் படி விடுபட்டிருக்கிறது. அந்த இடத்தை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த பிறகு எழுதினால் விளக்கம் தானாக நீளும். ஆசிரியர் சிவப்புப் பேனையால் செய்கை எங்கே என்று எழுதுவதால் நீளாது. நாராயண ஐயர் வீட்டு மேல்மாடியில் நடந்தது இதுதான், மாணவர் ஒருவர் மட்டும் இருந்த வகுப்பு.

இங்கே கொஞ்சம் நின்று எங்கள் பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் புள்ளி பெரும்பாலும் படிகளுக்குத்தான். விடை மட்டும் எழுதிய பிள்ளை சரியாகச் செய்தும் புள்ளியை இழக்கும். கேத்திரகணிதத்தில் காரணம் எழுதாத வரிக்குப் பெறுமதி இல்லை. இது எல்லா மாவட்டத்துக்கும் பொது. ஆனால் திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது.

எப்படி, ஏன், எங்கிருந்து. இந்தக் கேள்விகளை ஒரு தலைமுறை முதலில் சந்தித்தது வகுப்பறையில் அல்ல, சோதனைச் சாவடியில். எங்கிருந்து வருகிறாய், ஏன் போகிறாய், இது எப்படி உன் கைக்கு வந்தது. அங்கே நல்ல பதில் என்பது சுருக்கமான பதில். ஒரு வார்த்தை கூடினால் அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் கூடியிருந்து பேசிக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் சம்பூர், மூதூர் கிழக்குச் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர் மக்கள் தங்கள் காணிக்குத் திரும்ப ஏறக்குறையப் பத்து வருடம் எடுத்தது. முகாமில் தரப்பாளின் கீழ் எழுதப் பழகிய பிள்ளைகள் இன்று பெற்றோராகி இருக்கிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டிரு என்று அந்தக் காலத்தில் வீடுகள் சொல்லிக் கொடுத்தது பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகத்தான். யாரும் அதைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் வகுப்பறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆசிரியர் இது எப்படி வந்தது என்று கேட்டால், நான் பார்த்து எழுதவில்லை சேர் என்று பிள்ளை சொல்கிறது. கேள்வி அதன் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. நேர்காணலுக்குப் போகும் எனக்கும் இது தெரிந்த விசயம். கேள்வி விசாரணைபோலக் கேட்ட கணமே பதில் சுருங்கி ஆம், இல்லை என்று நின்றுவிடும்.

இராமானுஜனுக்கும் இதே இடத்தில்தான் இடறியது.

1912 இறுதியில் அவருடைய வேலைகள் இலண்டனில் பேராசிரியர் ஹில் என்பவரின் பார்வைக்குப் போயின. ஆற்றல் இருக்கிறது, ஆனால் வழி தவறிவிட்டார், விரிதொடர்களைக் கையாளும் கவனம் இல்லை என்று பதில் வந்தது. பிழையில்லாமல் தெளிவாக எழுத வேண்டும், விளக்காத குறியீட்டைப் பயன்படுத்தக்கூடாது என்ற புத்திமதியும் சேர்ந்து வந்தது. கேம்பிரிட்ஜில் இரண்டு பேராசிரியர்கள் உதவவில்லை. 1913 ஜனவரி 16ஆம் திகதி மூன்றாமவரான ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், நிறுவல் இல்லை. ஹார்டியும் அவருடைய கூட்டாளி லிட்டில்வுட்டும் ஓர் இரவு முழுக்க அதோடு இருந்து, எழுதியவர் ஏமாற்றுக்காரர் அல்ல, முதல்தரக் கணிதர் என்ற முடிவுக்கு வந்தார்கள். நிறுவல்களை அனுப்பும்படி ஹார்டி கேட்டார்.

இராமானுஜன் அனுப்பவில்லை. என் முறையைச் சொன்னால் நீங்கள் பின்தொடரமாட்டீர்கள் என்ற பொருளில் பதில் எழுதி, இன்னும் சூத்திரங்களைச் சேர்த்தார். அவற்றைத் தான் திருடிவிடுவேன் என்று பயப்படுகிறாரோ என்ற ஐயம் அங்கே எழுந்தது. அதை ஹார்டி வெளிப்படையாகவே எழுதிக் கேட்டபோது இராமானுஜனின் மனம் நொந்தது. கேட்டவர் உண்மையில் விளங்கத்தான் கேட்டார். ஆனால் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் கடிதத்தில் வந்த கேள்வியில் முகம் தெரியவில்லை. திருவல்லிக்கேணி மேல்மாடியில் தெரிந்தது.

படி இல்லாததால் வந்த விளைவு வெறும் மனத்தாங்கல் மட்டுமல்ல. ஓர் எண்ணுக்குள் எத்தனை முதன்மை எண்கள் இருக்கின்றன என்பதற்குத் தன்னிடம் மிகத் துல்லியமான சூத்திரம் இருப்பதாக இராமானுஜன் நம்பினார். அது பிழை. சிறிய எண்களுக்கு அழகாகப் பொருந்தியது, பெரிய எண்களுக்குப் பொருந்தாது. நிறுவலாக எழுதப் போயிருந்தால் எந்த இடத்தில் தரை இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். புள்ளி போடுகிறவருக்காக மட்டும் படி எழுதுவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய ஆளிடமிருந்து உதாரணம் காட்ட முடியாது.

1914 மார்ச் 17ஆம் திகதி நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். போகுமுன் நாராயண ஐயர் ஒரு வேண்டுகோள் வைத்தார்: சிலேட்டுகளை மாற்றிக்கொள்வோம். இராமானுஜனின் சிலேட்டு சென்னையில் தங்கியது, கணக்காளரின் சிலேட்டு அவரிடம் வந்தது.

ஏப்ரல் 14இல் இலண்டன் சேர்ந்தார். நான்கு மாதத்தில் முதலாம் உலகப் போர். அவர் படித்த திரினிட்டி கல்லூரியின் முற்றமொன்று காயப்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனையாகியது. மாணவர்கள் போர்முனைக்குப் போனார்கள். லிட்டில்வுட்டும் பீரங்கிக் கணக்குப் போடப் போய்விட்டார். மரக்கறி கிடைப்பது கடினமாயிற்று. தானே சமைத்துத் தனியே சாப்பிட்டார். போர்க்காலக் கல்வி என்றால் என்ன என்று அறிந்த வாசகருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

அந்த வெறிச்சோடிய கல்லூரியில் ஹார்டியும் இராமானுஜனும் கிட்டத்தட்ட நாள்தோறும் சந்தித்துப் பேசினார்கள். இராமானுஜன் புதிதாக ஆறேழு முடிவுகளோடு வருவார். ஹார்டி எப்படி என்று கேட்பார். ஹார்டிக்கு இதில் ஒரு பயம் இருந்தது. ஒழுங்குமுறையாகப் படி என்று அழுத்தினால் அந்த ஊற்றே அடைபட்டுப் போகலாம். விட்டாலோ முதன்மை எண்களில் நடந்தது திரும்பவும் நடக்கும். எனவே பாடத்திட்டம் போட்டுப் படிப்பிக்கவில்லை, அவர் கொண்டுவருவதை வைத்தே பேசிப் பேசி இடைவெளிகளைக் காட்டினார். லிட்டில்வுட் சொல்லிக் கொடுக்க முயன்ற நாட்களில் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் இராமானுஜனிடமிருந்து பத்து யோசனை பாய்ந்து வந்து பாடமே மூழ்கிப்போகும். 1915இல் வெளிவந்த, பல வகுத்திகள் கொண்ட எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையைப் பேணூலிக் கட்டுரையோடு ஒப்பிட்டால் இந்தப் பேச்சின் பலன் தெரியும். அது வேறொரு கைப்பட எழுதப்பட்டதுபோல ஒழுங்காக நடக்கிறது. அதற்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. போர்க்காலப் பணமுடையால் அதில் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றது.

போர் வகுப்பறைக்குள் வந்த இன்னொரு கதையும் உண்டு. 1914 டிசம்பர். பிற்காலத்தில் இந்தியப் புள்ளிவிபரவியலின் தந்தை என்று பெயர்பெற்ற மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். ஸ்ட்ராண்ட் என்ற சஞ்சிகையில் வந்த புதிரோடு இராமானுஜனின் அறைக்கு வந்தார். புதிர் நடக்கும் இடம் பெல்ஜியத்தின் லூவேன் நகரம். நான்கு மாதத்துக்கு முன்தான் ஜேர்மன் படை அந்த நகரத்தை எரித்திருந்தது. பல்கலைக்கழக நூலகமும் நூல்களோடு எரிந்தது. 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் வெறும் பெயராக இராது.

புதிர் இதுதான். லூவேனில் ஒரு நீண்ட தெரு, வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக இலக்கம். ஒருவருடைய வீட்டுக்கு இடப்பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமன். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அவர் வீட்டு இலக்கம் என்ன? மகலனோபிஸ் முயன்று பார்த்தே விடையைப் பிடித்துவிட்டார். அடுப்பில் மரக்கறி கிண்டிக்கொண்டிருந்த இராமானுஜன், இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இப்படியான எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து ஒரு தொடர்பின்னத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு, கேட்டவுடன் விடை ஒரு தொடர்பின்னம் என்று தெரிந்தது, எது என்று யோசித்தேன், வந்தது என்றார். பழைய இராமானுஜன்! படியே இல்லை.

இதை ஒரு தரம் 10 வகுப்பில் போட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கடதாசி. முதலில் சின்னத் தெரு, 8 வீடு. கொஞ்ச நேரத்தில் 6 என்று சொல்லிவிடுவார்கள். எழுதச் சொன்னால் விடை 6 என்று எழுதி நிறுத்துவார்கள். இப்போது பக்கத்துப் பிள்ளை ஏன் என்று கேட்கட்டும். ஒன்றிலிருந்து ஐந்துவரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் 15. இது சரிபார்ப்பு, இன்னும் காரணமாகவில்லை. 49 வீடு என்றால்? முயன்று பார்த்தால் 35. இடப்பக்கம் 595, வலப்பக்கம் 595. இரண்டு தெருவிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டால் சத்தம் கூடும். கூடட்டும்.

யாரோ ஒரு பிள்ளை முழுத் தெருவையும் கூட்டிப் பார்க்கும். 8 வீட்டுத் தெருவுக்கு 36, அது 6 × 6. 49 வீட்டுத் தெருவுக்கு 1,225, அது 35 × 35. தெருவின் மொத்தம் அந்த வீட்டு இலக்கத்தின் வர்க்கம்! ஏன் அப்படி? இடப்பக்கத் தொகை, வீட்டு இலக்கத்தை அதற்கு முந்திய எண்ணால் பெருக்கியதில் பாதி. கூட்டல் விருத்தி படித்த பிள்ளைக்கு இது தெரியும். வலப்பக்கமும் அவ்வளவே. இரண்டையும் சேர்த்தால் பாதி முழுதாகும். அதோடு வீட்டு இலக்கத்தையே ஒருமுறை கூட்டினால், இலக்கத்தை இலக்கத்தால் பெருக்கியதாகிறது. இவ்வளவும் பேசி முடிந்த பிறகு எழுதச் சொல்லுங்கள். முதலில் விடை 6 என்று நின்ற அதே பிள்ளை இப்போது நான்கைந்து வரி எழுதும், வரிக்கு வரி காரணத்தோடு. லூவேன் தெருவுக்கு விடை, 288 வீட்டில் 204ஆம் இலக்கம். தெருவின் மொத்தம் 41,616. அதன் வர்க்கமூலம் 204.

பேசும் மொழியும் இங்கே கைகொடுக்க வேண்டும். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலானந்தர் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. பிற்பாடு சென்னையில் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் முன்னின்றவர். தேற்றம், நிறுவல் என்று பிள்ளைகளுக்குச் சொந்த மொழியில் சொற்கள் இருக்கின்றன. அவை கொப்பியில் இருக்குமளவுக்கு வாயில் இல்லை என்பதுதான் குறை.

மீண்டும் இராமானுஜனிடம். ஹார்டியோடு பேசிப் பிறந்தவற்றில் பெரியது எண்களின் பிரிவினை பற்றியது. 4ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வழியில் பிரிக்கலாம். 200ஐ எத்தனை வழியில்? முன்னாள் பீரங்கிப்படை அதிகாரியான மக்மஹோன் கையாலேயே கணித்து 3,972,999,029,388 என்று கண்டார். ஹார்டியும் இராமானுஜனும் கண்ட சூத்திரம் அந்த எண்ணுக்கு 0.004 அளவே விலகி வந்தது. 1918இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை இராமானுஜன் தனியே எழுதியிருக்க முடியாது, ஹார்டியும் தனியே எழுதியிருக்க முடியாது. ஒருவரிடம் பார்வை இருந்தது, மற்றவரிடம் படி இருந்தது.

1917இலிருந்து உடல் தேறவில்லை. மருத்துவ இல்லங்களில் மாறிமாறிக் கிடந்தார். மனம் உடைந்து உயிரை மாய்க்கவும் ஒருமுறை முயன்றார். 1918 மே மாதம் ரோயல் சொசைட்டி உறுப்பினராகவும் ஒக்டோபரில் திரினிட்டி கல்லூரி உறுப்பினராகவும் தெரிவானார். 1919 மார்ச்சில் பம்பாய் வந்திறங்கினார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். படுக்கையிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது ஜானகியின் நினைவு. ஜானகி 1994 வரை வாழ்ந்தார்.

அவர் விட்டுப்போன கொப்பிகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் இருந்தன. பெரும்பாலும் நிறுவல் இல்லாதவை. இரண்டு படிகளுக்கு இடையே பத்துப் படி எழுதும் வேலை மற்றவர்கள் தலையில் விழுந்தது. 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் வாட்சனும் வில்சனும் தொடங்கி முடிக்க முடியாமல் விட்டார்கள். அமெரிக்கரான புரூஸ் பேண்ட் 1985இலிருந்து 1998 வரை ஐந்து தொகுதிகளாக அதை வெளியிட்டார். இதற்கிடையில் 1976இல் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் திரினிட்டி நூலகத்தில், கடைசி வருடத்துக் கணக்குகள் அடங்கிய நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கண்டெடுத்தார். அவற்றிலும் படிகள் இல்லை.

இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1920 ஜனவரி 12ஆம் திகதி, ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். போலித் தீற்றாச் சார்புகள் என்று தான் பெயரிட்ட புதிய வகை ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லி, உதாரணங்கள் பலவற்றைக் கொடுத்திருந்தார். அவை உண்மையில் என்ன என்பதற்குத் தெளிவான வரைவிலக்கணம் அதில் இல்லை. இம்முறை மேல்மாடியும் இல்லை, கல்லூரி அறையும் இல்லை. ஹார்டி கடலுக்கு அப்பால் இருந்தார், திரும்பக் கேட்பதற்கு நாளும் இருக்கவில்லை. அந்தச் சார்புகள் பெரிய கணிதக் கட்டமைப்பில் எங்கே பொருந்துகின்றன என்பதை நெதர்லாந்தில் ஸ்வேகர்ஸ் என்ற ஆய்வு மாணவர் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் விளக்கினார். அது 2002ஆம் ஆண்டு.